பாரதியின் சொற்கள் யாருக்குச் சொந்தம்?

(ஏழாயிரம்பண்ணையில் நடந்த பாரதி விழாக் கூட்டத்தில் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)



பாரதி விழா என்றால் படத்திற்கு மாலை போடுவதும், பிள்ளைகள் பாட்டுப் பாடுவதும், பெரியவர்கள் புகழ்ந்து பேசுவதும் வழக்கம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் இன்றைக்கு நாம் வேறொரு காரியம் செய்து பார்ப்போம். பாரதி கையாண்ட சொற்களில் சிலவற்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சொல்லும் எங்கே பிறந்தது, யார் வீட்டில் வளர்ந்தது, பாரதியின் கைக்கு வந்த பிறகு என்ன ஆயிற்று என்று விசாரிப்போம்.

"இது புலவர்கள் வேலையல்லவா? பட்டாசு ஆபீசிலும் தீப்பெட்டி ஆபீசிலும் மில்லிலும் காட்டுவேலையிலும் கிடந்து உழலுகிற நமக்கு இது எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். கடையில் மண்வெட்டி வாங்கப் போகிறவர் சும்மா வாங்கி வருவதில்லை. தட்டிப் பார்க்கிறார், இலையின் கனத்தைப் பார்க்கிறார், காம்பு நிற்குமா என்று பார்க்கிறார். சொல்லும் அப்படிப்பட்ட கருவிதான். நாம் அதைத் தட்டிப் பார்க்காமல் கையில் எடுத்தால், நம் கருவியே நம் காலை வெட்டும். அப்படி நம் காலை வெட்டுகிற ஒரு சொல் இந்த வட்டாரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வெடிவிபத்துக்குப் பிறகும் அது நம் வாயிலிருந்தே வருகிறது. கடைசியில் அந்தச் சொல்லுக்கு வருவோம். அதற்கு முன்னால் வேறு சில சொற்களைத் தட்டிப் பார்த்துக் கையைப் பழக்கிக்கொள்வோம்.

கரிசல் காட்டுக் கவிஞன்

பாரதி பிறந்தது 1882 டிசம்பர் 11, எட்டயபுரத்தில். அது நம்மைப் போலவே கரிசல் மண். நம்மைப் போலவே பாளையக்காரர் காலத்து ஊர். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கட்டபொம்மன் பக்கம் நின்ற பாளையங்களில் நம் ஏழாயிரம்பண்ணை ஒன்று. எட்டயபுரம் கும்பினிக்காரன் பக்கம் நின்றது. அந்த எட்டயபுரத்தில் பிறந்த பிள்ளை பிற்காலத்தில் வெள்ளையனுக்கு எதிராக எழுதினான் என்பதைக் கவனியுங்கள்.

தகப்பனார் சின்னசாமி அய்யர் எட்டயபுரத்தில் பஞ்சாலை வைத்து நஷ்டப்பட்டார். பையனை வீட்டில் அழைத்த பெயர் சுப்பையா. சிறு வயதிலேயே பாடிய பாட்டைக் கேட்டு எட்டயபுரத்துப் புலவர்கள் 'பாரதி' என்று பட்டம் கொடுத்தார்கள். பாரதி என்றால் சரஸ்வதி. ஆக, அவன் பெயரே அரண்மனை வட்டாரம் கொடுத்த சொல். அந்த அரண்மனையிலேயே கொஞ்ச காலம் வேலையும் பார்த்தான். பிறகு 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழ் வாத்தியார். அங்கிருந்து சென்னைக்குப் போய் 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் வேலை.

பத்திரிகை வேலை என்றால் இங்கிலீஷில் வருகிற தந்திகளைத் தினசரி தமிழாக்க வேண்டும். அங்கேதான் சொல்லுக்கு முட்டுப்பாடு வந்தது. ஒரு கட்டுரையில் 'மெம்பர்' என்பதற்குத் தமிழ் தேடி அவன் பட்ட பாட்டை அவனே எழுதியிருக்கிறான். அவயவி, அங்கத்தான், உறுப்பாளி, சபிகன் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறான். ஒன்றும் மனசுக்கு ஒட்டவில்லை. கடைசியில் 'மெம்பர்' என்றே போட்டுவிட்டு மேலே போகிறான். இன்றைக்குச் சங்கத்தில் சந்தா கட்டுகிற ஒவ்வொருவரும் 'உறுப்பினர்' என்று சர்வ சாதாரணமாகச் சொல்லுகிறோம். கை ஓர் உறுப்பு, கால் ஓர் உறுப்பு. கையில் முள் குத்தினால் உடம்பு முழுவதும் துடிக்கிறது. அப்படித் துடிக்கிறவனே உறுப்பினன். சந்தா ரசீது மட்டும் வைத்திருப்பவன் அல்ல.

இதிலே இன்னொரு செய்தியும் இருக்கிறது. வடசொல்லானாலும் சரி, தமிழ்ச் சொல்லானாலும் சரி, இங்கிலீஷானாலும் சரி, பாரதி ஒன்றையும் வாசலில் நிறுத்திச் சாதி கேட்கவில்லை. "நீ யாருக்கு வேலை செய்வாய்?" என்று மட்டும்தான் கேட்டான். நாமும் அதையே கேட்போம்.

பொது என்ற சொல்

முதலில் 'பொதுவுடைமை'யை எடுத்துக்கொள்வோம். 'பாரத சமுதாயம்' பாட்டில் இந்தச் சொல்லைப் பாரதி பாடினான். அன்றைக்கு இந்த நாட்டின் ஜனத்தொகை முப்பது கோடி. அந்த முப்பது கோடி பேரையும் ஒரே சங்கமாக வைத்து, அந்தச் சங்கம் முழுவதற்கும் நாடு பொதுவுடைமை என்றான்.

பொது, உடைமை என்ற இரண்டும் கலப்பில்லாத பழந்தமிழ்ச் சொற்கள். பொது என்றால் எல்லோருக்கும் உரியது. ஊர்ப் பொதுவிடம், பொதுக்கிணறு, பொதுக்காரியம் என்கிறோமே, அந்தப் பொது. ஆனால் பழைய காலத்து ராஜாக்களுக்கு இந்தச் சொல் எப்படி இருந்தது தெரியுமா? புறநானூற்றில் கபிலர் ஒரு சேர மன்னனைப் புகழ்ந்து பாடிய பாட்டு ஒன்று உண்டு. அதிலே அந்த ராஜாவின் பெருமைகளில் ஒன்றாகச் சொல்லப்படுவது என்ன? இந்தப் பூமி மற்ற அரசர்களுக்கும் பொது என்ற பேச்சையே அவன் பொறுக்கமாட்டான் என்பதுதான்! 'பொதுச்சொல்' என்றே அதற்குப் பெயர். ஒரு ராஜாவுக்கு இன்னொரு ராஜாவோடுகூடப் பொது என்பது பிடிக்கவில்லை. ராஜாவுக்கும் குடியானவனுக்கும் பொது என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அடுத்தது உடைமை. உடையவன், உடையார் என்றால் எசமானன், ஆண்டவன். இல்லாதவன் அடிமை. வள்ளுவர் இந்தச் சொல்லை வேறு வழியில் திருப்பினார். அன்புடைமை, அறிவுடைமை, ஊக்கமுடைமை என்று திருக்குறளில் பத்து அதிகாரங்களுக்கு உடைமை என்று பெயர். பத்தில் ஒன்றுகூட நிலமோ பொன்னோ அல்ல. பத்தும் திருடன் கொண்டுபோக முடியாத உடைமைகள். அது பெரிய காரியம்தான். ஆனால் அன்பு ஏழையிடம், நிலம் பணக்காரனிடம் என்று பங்கு பிரிந்து போயிற்று.

பாரதி என்ன செய்தான்? ராஜா பொறுக்காத 'பொது'வையும், ராஜா விடாத 'உடைமை'யையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாட்டில் ஏற்றினான். நடுவே 'சங்கம்' என்ற சொல்லையும் வைத்தான். அது வடக்கேயிருந்து பௌத்தத் துறவிகளோடு புகழ்பெற்ற சொல். பிட்சுக்களின் கூட்டத்துக்குச் சங்கம் என்று பெயர். விகாரையும் அதன் நிலமும் தனி ஒரு பிட்சுவுக்குச் சொந்தமல்ல, சங்கத்துக்குச் சொந்தம் என்பது அவர்கள் விதி. பிறகு மதுரையில் புலவர்களுக்குச் சங்கம். 1918 ஏப்ரலில் சென்னைப் பஞ்சாலைத் தொழிலாளிகள் சங்கம் அமைத்தார்கள். துறவியும் புலவரும் வைத்திருந்த சொல் மில் கேட்டுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

புரட்சியும் புரட்டும்

இரண்டாவது சொல் 'புரட்சி'. 1917 மார்ச்சில் ருஷ்ய ஜார் முடியிழந்தான். அந்தச் செய்தி கேட்டுப் பாரதி 'புதிய ருஷ்யா' என்று பாடினான். அந்தப் பாட்டில் வருகிற சொல் 'யுகப்புரட்சி'.

வறள் என்பதிலிருந்து வறட்சி. திரள் என்பதிலிருந்து திரட்சி. ஆள் என்பதிலிருந்து ஆட்சி. அதே வழியில் புரள் என்பதிலிருந்து புரட்சி. கரிசல்காட்டுக்காரருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கோடை உழவு உழும்போது என்ன நடக்கிறது? மேல்மண் கீழே போகிறது, அடிமண் மேலே வருகிறது. வேரோடு களை வெயிலில் காய்கிறது. மண் புரண்டால்தான் மானாவாரியில் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். புரட்சி என்ற சொல்லின் வேர் இதுதான். ரத்தம், துப்பாக்கி என்று பயமுறுத்துகிறவர்கள் ஏர் பிடித்ததில்லை போலிருக்கிறது!

இதே வேரில் இன்னொரு பிள்ளையும் பிறந்திருக்கிறது. அதன் பெயர் 'புரட்டு'. அண்ணன் புரட்சி, தம்பி புரட்டு. தேர்தல் காலத்தில் தம்பி அண்ணனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு வருவான். அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அடிமண் மேலே வந்ததா என்று பாருங்கள், வந்தால் புரட்சி. மேலே இருந்தவன் மேலேயே இருந்தால் புரட்டு.

யுகம் என்ற சொல்லுக்கு வருவோம். கிருத யுகம், திரேதா யுகம், துவாபர யுகம், கலியுகம் என்று நான்கு. இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தவை? சூதாட்டக் காயிலிருந்து! பழைய காலத்துச் சூதில் ஜெயிக்கிற விழுகைக்குக் கிருதம் என்று பெயர். தோற்கிற விழுகைக்குக் கலி என்று பெயர். "கலி முத்திப் போச்சு" என்று நாம் கன்னத்தில் கை வைத்து உட்காருகிறோமே, அதற்கு அர்த்தம், "நமக்குத் தோற்கிற காய் விழுந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்பதே. பாரதி அந்தப் பாட்டின் முடிவில் கலி சாய்ந்தது, கிருத யுகம் எழும் என்கிறான். காய் தானாக மாறி விழவில்லை. ருஷ்யாவில் ரொட்டி கேட்டுத் தெருவுக்கு வந்த பெண்களும், வேலையை நிறுத்திய ஆலைத் தொழிலாளிகளும், அவர்களைச் சுட மறுத்த சிப்பாய்களும் சேர்ந்து மாற்றிப் போட்டார்கள்.

ஒன்றை இங்கே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பாரதியை நாம் நம் கட்சிக்காரனாக்கிப் பேச வேண்டியதில்லை. பின்னால் எழுதிய கட்டுரையில், பலாத்காரத்தால் பொதுவுடைமை கொண்டுவரும் லெனின் வழி தனக்குச் சம்மதமில்லை என்று அவன் எழுதியிருக்கிறான். அதுவும் அவனுடைய வாக்குத்தான். அதை மறைத்துவிட்டு அவனைப் புகழ்வது புரட்டாகும். கருத்தில் எங்கே சேருகிறோம், எங்கே பிரிகிறோம் என்று தெரிந்துகொண்டே அவனிடம் கற்றுக்கொள்வோம்.

காணியும் கூலியும்

காட்டுவேலைக்காரருக்கு நெருக்கமான சொல் 'காணி'. பராசக்தியிடம் காணி நிலம் கேட்டுப் பாரதி பாடிய பாட்டைப் பள்ளிக்கூடத்தில் படிக்காதவர் இல்லை. காணி என்றால் எவ்வளவு? பழைய தமிழ்க் கணக்கில் காணி என்பது பின்னம். எண்பதில் ஒரு பங்கு. இருபதில் ஒரு பங்கு மா. இரண்டையும் கூட்டினால் மாகாணி, பதினாறில் ஒன்று. நில அளவையில் ஒரு காணி ஏறத்தாழ 1.32 ஏக்கர். ஆக, கவிஞன் ராஜ்யம் கேட்கவில்லை. ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்றே மேல் கேட்டான். அதில் ஒரு வீடு, ஒரு கிணறு, கொஞ்சம் தென்னை.

ஆனால் காணிக்கு இன்னொரு பொருளும் இருந்தது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் காணி என்றால் பரம்பரையாக அனுபவிக்கிற நில உரிமை. அந்த உரிமை உடையவன் காணியாளன். மண்ணில் இறங்கி உழுதவன் பெரும்பாலும் அந்தப் பெயருக்குள் வரவில்லை. பின்னால் அரபியிலிருந்து 'மிராசு' என்ற சொல் வந்தது. அதற்கும் பரம்பரைச் சொத்து என்றுதான் அர்த்தம். 'வாரிசு' என்ற சொல்லும் அதே வேர். பாரசீகத்திலிருந்து 'ஜமீன்' வந்தது. ஜமீன் என்றால் வெறும் மண் என்று அர்த்தம். ஜமீன்தார் என்றால் மண்ணைப் பிடித்து வைத்திருப்பவன். எவ்வளவு சரியான பெயர்! காணியாளன், மிராசுதார், ஜமீன்தார் என்று சொல் தமிழிலிருந்து அரபிக்கும் பாரசீகத்துக்கும் மாறியது. நிலம் கை மாறவில்லை. 1948இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன் போயிற்று. காணி நிலம் இல்லாதவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று இந்தக் கூட்டத்திலேயே கை தூக்கிப் பார்த்தால் தெரியும். பாரதி கேட்டது ஒருவனுடைய ஆசை அல்ல. உழுதும் பெயர் பெறாதவன் சார்பில் போட்ட மனு என்று நாம் அதைப் படிக்கலாம்.

நிலம் இல்லாதவனுக்குக் கிடைத்த சொல் 'கூலி'. இதுவும் பழைய சொல்தான், கேவலமான சொல் அல்ல. உடம்பை வருத்தி முயன்றால் அதற்குரிய பலன் வந்தே தீரும் என்ற இடத்தில் வள்ளுவர் 'கூலி' என்ற சொல்லை மதிப்போடு வைத்திருக்கிறார். உழைப்புக்கு உரியது கூலி. பிச்சை அல்ல, தயவு அல்ல. ஆனால் வெள்ளைக்காரன் கப்பல் ஏற்றியபோது என்ன ஆயிற்று? கூலி என்பது சம்பளத்தின் பெயராக இல்லை, ஆளின் பெயராகிவிட்டது. இங்கிலீஷ் அகராதியிலும் அப்படியே ஏறிவிட்டது. 1879 முதல் 1916 வரை ஏறக்குறைய 60,000 பேரை இந்தியாவிலிருந்து பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட துன்பத்தைப் பாரதி பாடினான். அவர்கள் கையெழுத்துப் போட்ட 'அக்ரிமென்ட்' அவர்கள் வாயில் 'கிர்மிட்' என்றானது. ஒப்பந்தம் என்ற பெயரில் அடிமைத்தனம்!

'கண்ணன் என் சேவகன்' என்ற பாட்டிலும் கூலி வருகிறது. வேலைக்காரர்கள் அதிகமாகக் கூலி கேட்கிறார்கள், சாக்குச் சொல்லி வேலைக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள் என்று எசமானர் ஒருவர் புலம்புவதில்தான் பாட்டு ஆரம்பிக்கிறது. இந்தப் புலம்பலை நாம் வேறு இடத்தில் கேட்டிருக்கிறோம் அல்லவா? ஆனால் பாட்டு அங்கே முடியவில்லை. சேவகனாக வந்த கண்ணன் வரவர எசமானருக்கு வழிகாட்டியாகவும் தெய்வமாகவும் உயர்ந்துவிடுகிறான். சேவகன் என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் வீரன் என்றும் பொருள் உண்டு. சேவகம் என்றால் வீரம். மாணிக்கவாசகர் சிவனையே சேவகன் என்கிறார். பிறகு கச்சேரி வாசலில் டவாலி போட்டு நிற்கிறவன் சேவகன் ஆனான். பாரதி அந்தச் சொல்லை வாசலிலிருந்து மறுபடி வீட்டின் நடுவுக்குக் கூட்டி வந்தான்.

நெருப்பின் குஞ்சு

நம் ஊர்த் தொழிலுக்குச் சம்பந்தமான சொல் ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. 'அக்கினிக் குஞ்சு'. தீ, நெருப்பு, கனல், அழல் என்று தமிழில் எத்தனையோ சொற்கள் இருக்கப் பாரதி ஏன் அக்கினியை எடுத்தான்? அக்கினி வேதத்தில் தெய்வம்; யாக குண்டத்தில் வளர்வது. இந்தச் சொல்லின் உறவுக்காரர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். லத்தீன் மொழியில் இக்னிஸ், ருஷ்ய மொழியில் அகோன். நம் வண்டி டிரைவர்கள் சொல்லுகிற 'இக்னிஷன்' அந்த லத்தீன் வழி வந்ததே. ஆனால் 'குஞ்சு' எங்கிருந்து வந்தது? நம் வீட்டுக் கோழிக் கூட்டிலிருந்து வந்தது. யாக குண்டத்தையும் கோழிக் கூட்டையும் ஒரே சொல்லில் சேர்க்க அவனுக்குத் தைரியம் இருந்தது. அந்தச் சின்னக் குஞ்சை ஒரு மரப்பொந்தில் வைக்க, காடு முழுவதும் எரிந்ததாகப் பாட்டு. நெருப்பில் சிறிசு, பெரிசு இல்லை என்பதைத் தீக்குச்சிக்கு மருந்து முக்குகிறவருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

இதோடு சேர்த்து 'ரௌத்திர'த்தையும் பார்ப்போம். இது ருத்திரன் என்ற பெயரிலிருந்து வந்தது, ருத்திரனுடைய கோபம். ஔவையாரின் ஆத்திசூடி சினத்தைத் தணிக்கச் சொல்லிற்று. பாரதி புதிய ஆத்திசூடி எழுதினான். ரௌ என்ற எழுத்துக்கு வந்தபோது ரௌத்திரத்தை விட்டுவிடச் சொல்லியிருக்கலாம். அவனோ பழகச் சொன்னான். 'பழகு' என்பதுதான் அங்கே முக்கியமான சொல். கோபம் எல்லோருக்கும் வரும். குடித்துவிட்டு வீட்டில் பெண்டாட்டி மேல் காட்டுகிற கோபத்துக்குப் பழக்கம் வேண்டாம். சம்பளப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, பத்துப் பேர் சேர்ந்து, குரல் உயர்த்தாமல், விடாமல் கேட்கிற கோபம் இருக்கிறதே, அதற்குத்தான் பழக்கம் வேண்டும்.

விதி என்ற சொல்

இப்போது, ஆரம்பத்தில் சொன்ன அந்தச் சொல்லுக்கு வருகிறோம். அது 'விதி'.

2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. 30க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12ஆம் தேதி நம் பக்கத்து அச்சங்குளத்தில் வெடித்தது. 20க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். இடையிலும் பின்னாலும் நடந்தவற்றை இங்கே இருக்கிற தாய்மார்களுக்கு நாம் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு தடவையும் இழவு வீட்டில் என்ன சொல்லப்படுகிறது? "என்ன செய்ய, அவ விதி அம்புட்டுத்தான்." துக்கத்தில் சொல்லுகிற சொல், அதைச் சொல்லுகிற தாயைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. ஆனால் அந்தச் சொல்லை நாம் தட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

விதி வடசொல். அதன் வேருக்கு வகுத்து வைத்தல், ஏற்படுத்தி வைத்தல் என்று பொருள். தமிழில் இதற்கு இரண்டு அர்த்தம் நிலைத்துவிட்டது. ஒன்று, தலையில் பிரமன் எழுதிய எழுத்து. இன்னொன்று, சட்டத்தில் எழுதிய ஒழுங்கு. வரி விதித்தார்கள், தண்டனை விதித்தார்கள், இலக்கண விதி, சங்க விதி என்று சொல்லும்போது இரண்டாவது அர்த்தம். திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் ஊழ் என்பதற்குப் பால், முறை, நியதி, விதி என்று பல பெயர்களை அடுக்குகிறார். இதிலும் 'முறை' என்பது ஒழுங்குக்கும் பெயர், ஊழுக்கும் பெயர். பழைய காலத்து மனிதனுக்கு ராஜா வகுத்த ஒழுங்கும் தெய்வம் வகுத்த ஒழுங்கும் ஒன்றாகவே தெரிந்தன. இரண்டையும் அவனால் மாற்ற முடியாது. வரியை மேலே இருப்பவன் விதிப்பான், தண்டனையை மேலே இருப்பவன் விதிப்பான், சாவை இன்னும் மேலே இருப்பவன் விதிப்பான். கீழே இருப்பவனுக்கு விதி வந்து சேரும், அவ்வளவுதான்.

பாரதி இந்தச் சொல்லை என்ன செய்தான்? 'பாரத சமுதாயம்' பாட்டிலே, நாமே புதிதாக ஒரு விதி செய்து அதை எந்நாளும் காப்போம் என்ற கருத்தை வைத்தான். அந்த விதி என்ன? ஒரே ஒரு மனிதன்கூடப் பட்டினி கிடக்கக்கூடாது என்பது. விதி என்ற சொல்லோடு 'செய்வோம்' என்ற சொல்லைச் சேர்த்ததுதான் பெரிய மாற்றம். விதி வரும், விதி விடாது, விதி சதி செய்தது என்றுதான் அதுவரை கேட்டிருக்கிறோம். விதியைச் செய்வது என்றால்? மண்பானை செய்வது போல, மேசை செய்வது போல, நம் கையால் செய்கிற காரியமாக அது ஆகிவிட்டது. அதுவும் ஒருவன் அல்ல; 'நாம்' செய்வது.

இதற்கு அவனே இன்னொரு இடத்தில் அடித்தளம் போட்டிருக்கிறான். 'தொழில்' என்று ஒரு பாட்டு. இரும்பைக் காய்ச்சி உருக்குகிறவர்கள், யந்திரம் செய்கிறவர்கள், கரும்பைச் சாறு பிழிகிறவர்கள், கடலில் மூழ்கி முத்து எடுக்கிறவர்கள் ஆகியோரைக் கூப்பிட்டு, இங்கே பிரமனுடைய கலை நீங்களே என்கிறான். சங்க நூல்களில் நெல் அறுக்கிறவர்களுக்குத் 'தொழுவர்' என்று பெயர்; பிறருக்குப் பணிசெய்கிறவர்கள். அந்தத் தொழுவரைப் பாரதி பிரமன் ஸ்தானத்தில் உட்கார வைத்தான். இப்போது யோசித்துப் பாருங்கள். விதியை எழுதுகிறவன் பிரமன் என்பது பழைய கதை. உழைப்பாளியே பிரமன் என்றால், விதியை எழுத வேண்டியவன் யார்? கணக்கு நேராக வந்து சேருகிறது.

ஆகவே தோழர்களே, அடுத்த தடவை "விதி" என்று யாராவது சொன்னால், "எந்த விதி?" என்று கேட்போம். வெடிபொருள் விதிகள், 2008 என்று ஒன்று புத்தகத்தில் இருக்கிறது. ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக்கூடாது, இவ்வளவுக்கு மேல் மருந்து இருக்கக்கூடாது, அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளை ஆளுக்கொன்றாக உள்குத்தகை விட்டால், மரத்தடியில் உட்கார்ந்து மருந்து அடைத்தால், அறையில் ஆளை நெருக்கினால், பிரமன் எழுதிய விதியா மீறப்பட்டது? அச்சடித்த விதி மீறப்பட்டது. அச்சடித்த விதியை மீறியவனுக்குப் பெயர் உண்டு, விலாசம் உண்டு. தலைவிதி என்று நாம் சொல்லிவிட்டால், அவன் நமக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவான். சொல்லின் ஓர் அர்த்தத்தைக் காட்டி இன்னோர் அர்த்தத்தை ஒளித்து வைக்கிறார்கள். 'விபத்து' என்ற சொல்லும் அப்படியே. அதன் வடமொழி மூலத்துக்கு ஆபத்து, துன்பம் என்றுதான் பொருள். 'யாரும் காரணமில்லை' என்ற பொருள் அதில் எங்கேயும் இல்லை.

பட்டாசுத் தொழில் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இந்த வானம் பார்த்த பூமியில் அது எத்தனை அடுப்பை எரிய வைக்கிறது என்று நமக்குத் தெரியும். முறையாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அடுப்பு எரிய வேண்டும், ஆள் எரியக்கூடாது, இதுதான் கோரிக்கை.

செய்ய வேண்டியது

ஒன்றே ஒன்று செய்வோம். எந்த ஆபீசில் வேலை பார்த்தாலும், அங்கே ஓர் அறைக்கு எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்ற விதியைத் தமிழில் எழுதிச் சுவரில் மாட்டச் சொல்லிக் கேட்போம். தனியாகக் கேட்டால் வேலை போகும், சேர்ந்து கேட்போம். எழுத்துத் தெரிந்த பிள்ளைகள் தெரியாத அக்காமார்களுக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும். காலையில் அறைக்குள் நுழையும்போது தலையை எண்ண வேண்டும். கூடுதலாக ஓர் ஆள் இருந்தால், "இது விதிக்கு விரோதம்" என்று சொல்லப் பழக வேண்டும். 'பழக' வேண்டும் என்று வேண்டுமென்றேதான் சொல்லுகிறோம்.

பாரதி 1921இல் மறைந்தான். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1923இல்தான் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் ஆரம்பமாயிற்று. நம் ஆபீசுகளை அவன் பார்த்ததில்லை. ஆனால் இங்கே தேவைப்படுகிற சொற்களைச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பொதுவுடைமை, காணி, கூலி, ரௌத்திரம், விதி எல்லாம் நம் கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் இருக்கின்றன. விழா முடிந்ததும் படத்தைக் கழற்றிப் பெட்டியில் வைப்போம். சொற்களை வைக்க வேண்டாம். நாளைக் காலையில் வேலைக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போவோம்.